ஸ்டாக்ஹோமில் பொதுச் சுகாதாரம்: ஒரு வருடமா, இரண்டு வருடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருடமாகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறேன். ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்க ஆசை. ஒரு வருடப் படிப்பு, இரண்டு வருடப் படிப்பு இரண்டில் எதற்குப் போடுவது? ஸ்வீடனில் படிப்பு இலவசம் என்கிறார் இங்கே ஒரு ஏஜென்ட். என் நோயாளிகளைப் போன்றவர்களைப் பற்றியே ஆய்வேடு எழுத விருப்பம். பிளஸ் டூவுக்குப் பிறகு கணக்கைத் தொட்டதில்லை, அதுதான் பயம்.

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள வாசகிக்கு,

ஏஜென்ட் சொல்வது 2011க்கு முந்தைய கதை. அந்த ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. விண்ணப்பிக்கவே 900 குரோனர் (ஸ்வீடன் பணம்). முதல் தவணையைக் கட்டினால்தான் விசா வேலை நகரும். அதோடு செலவுக்குப் பணம் காட்ட வேண்டும்: 2025 கணக்குப்படி மாதம் 10,584 குரோனர். இந்தப் பணம் உங்கள் பெயரில் உள்ள, நீங்களே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அப்பா கணக்கைக் காட்டி, கூடவே ஒரு கடிதம் வைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே தளம்தான். அக்டோபர் நடுவில் திறந்து ஜனவரி நடுவில் மூடும். கட்டணமும் சான்றிதழ்களும் பிப்ரவரி தொடக்கத்துக்குள் போக வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் 6.5, எந்தப் பகுதியிலும் 5.5க்குக் கீழே இறங்கக் கூடாது. நான்கு படிப்புகள் வரை வரிசைப்படுத்தலாம். அந்த வரிசையில் கவனம் வையுங்கள். முதல் இடத்தில் போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை தானாக அழிந்துவிடும், பிறகு மாற்றிக் கேட்க முடியாது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்திலும் பொதுச் சுகாதாரத் துறை இருக்கிறது, சமூக ஏற்றத்தாழ்வின் பக்கம் சாய்ந்தது. அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

ஒரு வருடமா, இரண்டா? கரோலின்ஸ்காவில் உலகச் சுகாதாரம் 60 கிரெடிட், ஒரு வருடம். பொதுச் சுகாதாரம் 120 கிரெடிட், இரண்டு வருடம். உங்களுக்கு இரண்டாவது. 'வருடம்' என்பது அங்கே ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, சுமார் பத்து மாதம். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த அனுமதியோடு போனால் 'பர்சூன்நும்மர்' என்ற அடையாள எண் தரமாட்டார்கள். வங்கிக் கணக்கிலிருந்து அரசின் இலவச ஸ்வீடிஷ் வகுப்பு வரை எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகிறது. ஸ்வீடிஷ் தெரியாமல் அங்கே நகராட்சிச் சுகாதார வேலை கிடைப்பது அரிது.

இரண்டாவது காரணம் ஆய்வேடு. 1947இல் கொண்டுவந்த அதே எண்ணை வைத்துத்தான் அங்கே ஒருவரின் பிறப்பு, புற்றுநோய், மருந்து, மரணம் எல்லாவற்றையும் கோக்கிறார்கள். படிக்க அங்கே போவதே இதற்காகத்தான் என்பேன். ஆனால் நீங்கள் தேடுகிறவர்கள், அதாவது வெறும் பிரஷருக்காக அருகிலுள்ள சுகாதார மையத்துக்கு மட்டும் போகிறவர்கள், தேசிய நோயாளிப் பதிவேட்டில் இல்லை. அது 1964இல் தொடங்கி 1987இல்தான் நாடு முழுக்க வந்தது. அதுவும் மருத்துவமனையில் படுத்தவர்கள் மட்டும். சிறப்பு மருத்துவரிடம் வெளிநோயாளியாகப் போனவர்கள் 2001இல் சேர்ந்தார்கள். ஆரம்ப சுகாதாரம் இன்றுவரை அதில் கிடையாது. இது தெரியாமல் வரைபடம் போட்டால் 2001இல் ஸ்வீடனில் பிரஷர் திடீரென ஏறியதுபோல் ஒரு மேடு தெரியும். நோய் ஏறவில்லை, வலைதான் அகலமாகியிருக்கிறது.

சரி, மருந்துப் பதிவேட்டைப் பிடிக்கலாமா? ஜூலை 2005 முதல், சீட்டுக்கு மருந்துக் கடையில் வாங்கிய ஒவ்வொரு மாத்திரையும் அதில் உண்டு. ஆனால் எதற்கு வாங்கினார் என்பது இருக்காது. ப்ரொப்ரனலால் என்று ஒரு வரி வரும். அது பிரஷருக்கா, ஒற்றைத் தலைவலிக்கா, கை நடுக்கத்துக்கா? வாங்கியதை விழுங்கினாரா என்பதும் தெரியாது. மாத்திரைப் பட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடப்பதை வீட்டுக்குள் போய்ப் பார்த்த நர்சுக்கு இது புதிதல்ல. விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் இந்த மாதிரி ஒன்றை எழுதுங்கள். 'சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை' என்ற வரியை எல்லோருமே எழுதுகிறார்கள்.

ஆய்வேட்டில் இன்னொரு முட்டுச்சந்து இருக்கிறது. ஸ்வீடன் சட்டப்படி முதுகலை ஆய்வேடு 'ஆராய்ச்சி' ஆகாது, அதனால் நெறிமுறை ஆணையம் அதைத் தனியாகப் பரிசீலிக்காது. ஏற்கெனவே அனுமதி வாங்கிய ஒரு ஆய்வுக் குழுவுக்குள் நுழைந்தால்தான் அந்தத் தரவைத் தொட முடியும். ஆய்வேட்டுக்கு 30 கிரெடிட், 20 வாரம். அந்த 20 வாரத்தில் உட்கார்ந்து வழிகாட்டியைத் தேடுவதல்ல, முந்தைய இலையுதிர் பருவத்திலேயே குழுக்களுக்கு எழுதத் தொடங்க வேண்டும். தென்காசித் தரவில்தான் செய்வேன் என்றால் இங்குள்ள அனுமதிகளுக்கே மாதக்கணக்கில் ஆகும். கிளம்பும் முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

வகுப்பு நடப்பதும் நம் ஊர் மாதிரி இல்லை. ஆறு பாடம் ஒன்றாக ஓடாது. ஒரு பாடம், அது முடிந்தபின் அடுத்தது. ஒன்றரை கிரெடிட் என்றால் ஒரு வாரம், 40 மணி நேர உழைப்பு. ஏழரை கிரெடிட் புள்ளியியல் ஐந்தே வாரத்தில் தேர்வோடு முடிந்துவிடும். கடைசி வாரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசி வாரம் என்ற ஒன்றே இருக்காது.

கணக்கு? தேவைப்படுவது வகைநுண்கணிதம் அல்ல. விகிதம், மடக்கை, ஒரு கோட்டின் சாய்வு என்றால் என்ன என்பது, இவ்வளவுதான். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இப்போதே நிறுவிவிடுங்கள். ஆனால் முதலில் தாளை எடுத்து 2×2 கட்டம் போடுங்கள். பிரஷர் உள்ள 100 பேர், இல்லாத 100 பேர். முதல் கூட்டத்தில் 40 பேர் புகையிலை போடுகிறவர்கள், இரண்டாவதில் 25 பேர். 40×75 வகுத்தல் 60×25, விடை 2. இந்த 2 'இரு மடங்கு ஆபத்து' ஆகாது, ஆட்ஸ் விகிதம் மட்டுமே. அதாவது, ஒவ்வொரு கூட்டத்திலும் புகையிலை போடுகிறவரைப் போடாதவரால் வகுத்து, அந்த இரு விடைகளையும் ஒப்பிட்டது. இங்கே ஆபத்து விகிதத்தைக் கணக்கிடவே முடியாது, ஏனென்றால் பிரஷர் உள்ளவர், இல்லாதவர் எத்தனை பேர் என்பதை முடிவு செய்தது நாம்தான், ஊர் அல்ல. இது பிடிபட்டதும் 'ஆர்' பக்கம் போங்கள்.