வாசகர் கேள்வி – பதில்: ஒரே பகலில் காஞ்சிபுரம்

கேள்வி: வேலூரில் ஒரு கல்யாணம். மறுநாள் காரில் சென்னை திரும்பும் வழியில் காஞ்சிபுரம் பார்க்க நினைக்கிறோம். 70 வயது அம்மாவும் உடன் வருகிறார். எந்த வரிசையில் பார்த்தால் அலைச்சல் குறையும்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: காஞ்சியில் திட்டத்தைக் கவிழ்ப்பது தூரம் அல்ல, உச்சிவேளை. பெரும்பாலான கோயில்களில் 12 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பத்தரைக்கு ஊருக்குள் நுழைபவர்கள் ஒரு கோயிலை ஓட்டமாகப் பார்த்துவிட்டு நாலு மணி நேரம் நிழல் தேடி அலைவார்கள். எனவே வேலூரில் ஆறு மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள்.

முதலில் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கைலாசநாதர். அடுத்து ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன். நேரமிருந்தால் பன்னிரண்டுக்குள் வைகுண்டப் பெருமாள். மதியச் சாப்பாடு, புடவைக் கடையெல்லாம் நடை சாத்திய நேரத்துக்கு. நாலு மணிக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜர். அங்கே மூலவரைச் சேவிக்க 24 படி ஏற வேண்டும். அம்மாவை நிதானமாக அழைத்துச் செல்லுங்கள். வெயில் நாளில் பதினோரு மணிக்கே பிராகாரக் கல் சுட ஆரம்பித்துவிடும். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும்.

கேள்வி: கைலாசநாதர் கோயிலில் அப்படி என்ன விசேஷம்? போனவர்கள் ‘பழைய கோயில், சிற்பம் எல்லாம் தேய்ஞ்சு போச்சு’ என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: தேய்ந்திருப்பது உண்மை. அடித்தளத்தில் கருங்கல்லை வைத்து, மேலே மணற்கல்லில் எழுப்பிய கோயில் அது. மணற்கல் உளிக்கு எளிதாக வளையும். மழைக்கும் காற்றுக்கும் அதே எளிமையோடு உதிரும். பிற்காலத்தில் அதன்மேல் சுண்ணாம்புச் சுதை பூசினார்கள். தூண்களில் எழுந்து நிற்கும் சிங்கங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். முகம் வழுவழுவென்று உப்பியிருந்தால் அது சுதை. பொரபொரப்பாக மணல் தெரிந்தால் அதுதான் பல்லவர் காலத்துக் கல். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கோயிலே வேறு மாதிரி தெரியும்.

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. பிராகாரச் சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள். அவற்றில் அரசனின் பட்டப்பெயர்களை 200-க்கும் மேல் வெட்டி வைத்திருக்கிறார்கள். சில சன்னதிகளின் உள்சுவரில் பழைய ஓவியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலில் இருந்து போனவுடன் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் நின்று கண் பழகினால், செங்காவிக் கோட்டில் ஒரு முகமோ கையோ மெல்லப் புலப்படும். ஃபிளாஷ் போடாதீர்கள், தொடவும் வேண்டாம்.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு. பிறகு அவன் அரசி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இந்தக் கோயிலின் சாயல் தெரியும். படையெடுத்து வந்தவன் எதிரி கட்டிய கோயிலில் சொந்த மொழியில் எழுதிவிட்டுப் போன இந்த வரிகளுக்காகவே நான் இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

கருவறையைச் சுற்றிவரும் வழி மிகக் குறுகல். தவழ்ந்துதான் நுழைய வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். முதுகுப் பையோடு நுழைந்து நடுவில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. பையை வெளியே கொடுத்துவிட்டுப் போங்கள். மூட்டுவலிக்காரர்கள் தவிர்த்துவிடலாம்.

கேள்வி: அத்தி வரதரை இப்போது தரிசிக்க முடியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடியாது. அத்திமரத்தால் ஆன இந்தப் பெருமாள், 40 வருடத்துக்கு ஒருமுறைதான் வரதராஜர் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளுவார். 2019-இல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தரிசனம் தந்தார், அடுத்தது 2059. ஆனால் அந்தக் குளத்தின் பக்கத்திலேயே நூற்றுக்கால் மண்டபம் இருக்கிறது. எண்ணினால் தூண் 96-தான் வரும்! மூலையில் தொங்கும் கல் சங்கிலியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாமல், தூண்களில் பாயும் குதிரை வீரர்களையும் பாருங்கள்.

கேள்வி: வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கட்டாயம் போக வேண்டுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வரலாற்றில் ஆசை இருந்தால் ஏகாம்பரநாதருக்குப் பதிலாகக்கூட இதைப் பார்க்கலாம். திருச்சுற்றுச் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் பல்லவர் வம்சக் கதையே சிற்பமாக ஓடுகிறது. வாரிசு இல்லாமல் போன நாட்டுக்கு, பெரியவர்கள் தேடிப்போய் 12 வயதுப் பையனை அழைத்துவந்து முடிசூட்டியதும் அதில் உண்டு. அந்தப் பையன்தான் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். உள்ளே பெருமாள் மூன்று அடுக்கில் இருந்தும், கிடந்தும், நின்றும் காட்சி தருகிறார். மேல் அடுக்குகளுக்கு எல்லா நாளும் விட மாட்டார்கள்.

கேள்வி: பட்டுப்புடவையில் ஏமாறாமல் இருக்க என்ன வழி?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆட்டோக்காரர் ‘எனக்குத் தெரிஞ்ச தறிக்காரர் வீடு’ என்று கூட்டிப்போனால், அவருடைய கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு கூட்டுறவுச் சங்கக் கடையில் முதலில் விலை பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். ‘சில்க் மார்க்’ முத்திரை பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. கைத்தறியா, ஜரிகை வெள்ளியா என்பதை அது சொல்லாது.

உடலையும் கரையையும் வேறு வேறு நூலில் நெய்து தறியிலேயே கோர்க்கும் கோர்வைப் புடவையா என்று பார்க்க, உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிற இழைகள் ஒன்றையொன்று கவ்விய சின்னச் சின்னப் பல் வரிசை தெரியும். அசல் ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும். சுரண்டுவதைக் கடைக்காரர் விரும்ப மாட்டார். முந்தானை ஓரத்தில் தொங்கும் பிசிறு நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஜரிகை விவரத்தைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.