வீடு விற்பனை: பார்க்க வருபவருக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது? (கேள்வி பதில்)

சொந்த வீட்டை விற்க முனைந்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. விளம்பரம் பார்ப்பவர், நேரில் வருபவர், அட்வான்ஸ் கொடுத்தவர் ஆகிய மூவருக்கும் தெரிய வேண்டியது வேறு வேறு. ஒருவருக்கு உரியதை இன்னொருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

கேள்வி (மடிப்பாக்கம்): சார், ஆன்லைனில் போட்டோ போடப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் போன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த இடவிவரம் நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். புரோக்கர்கள் 'கிளியரா வேணும், டாக்குமென்டா போடுங்க' என்று கேட்பது வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சுவரில் மாட்டிய குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை, ஃபிரிட்ஜில் ஒட்டிய டியூஷன் அட்டவணை, வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர் எதுவும் படத்தில் வரக் கூடாது. மீட்டர் பெட்டிக்குள் செருகியிருக்கும் EB அட்டையை எடுத்துவிடுங்கள். 'இன்று இரவு கரண்ட் கட்' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் உங்கள் இணைப்பு எண்ணையும் சரியாகச் சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். சாவி ஸ்டாண்டையும் கழற்றி வையுங்கள். பல்வரிசை தெளிவாகத் தெரியும் படம் ஒன்று கிடைத்தால், அதை வைத்தே மாற்றுச் சாவி வெட்ட முடியும்.

விளம்பரத்தில் தெருப் பெயர் போதும், கதவு எண் வேண்டாம். 'வீடு காலியாக உள்ளது', 'ஓனர் வெளிநாட்டில்' என்ற வரிகள் திருடனுக்கு எழுதிய அழைப்பிதழ். 'உடனே குடியேறலாம்' என்று எழுதினாலே வாங்குபவருக்குப் புரியும்.

கேள்வி (திருச்சி): பகலில் நானும் வயதான மாமியாரும் மட்டும்தான் இருப்போம். வருபவர்களை எப்படிச் சுற்றிக் காட்டுவது?

நேரம் கொடுக்கும்போதே எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயரையும் போன் எண்ணையும் வாங்கி, அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் கணவரோ தம்பியோ வீட்டில் இருக்கும் ஞாயிறு காலைக்குத் தள்ளுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவை அரை மணி நேரம் வந்து உட்காரச் சொல்லலாம், தவறே இல்லை.

சுற்றிக் காட்டும்போது வாசல் கதவு திறந்தே இருக்கட்டும். அறைக்குள் நீங்கள் முதலில் நுழையாதீர்கள். கைகாட்டி அவர்களை முன்னே விட்டு, நீங்கள் நிலைப்படிப் பக்கம் நில்லுங்கள். வெளியேறும் வழி எப்போதும் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். குடும்பமாக வந்தவர்கள் ஒருவர் சமையலறையிலும் ஒருவர் படுக்கையறையிலுமாகப் பிரிந்தால், 'எல்லாரும் சேர்ந்தே பார்த்துடலாமே' என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் கேட்டால் மாமியார் கொண்டுவரட்டும். வந்தவர்களைத் தனியே விட்டு நீங்கள் உள்ளே போக வேண்டாம்.

நகை, ரொக்கம், செக் புக், பாஸ்புக் எல்லாம் அதற்கு முன்பே பேங்க் லாக்கருக்கோ உறவினர் வீட்டுக்கோ போயிருக்க வேண்டும். பூட்டிய பீரோ போதாது. எந்த பீரோ பூட்டியிருக்கிறது என்பதே வந்தவர் கண்ணில் பட்டுவிடும். மாத்திரைப் பெட்டி, வைஃபை பாஸ்வேர்டு ஒட்டிய ரவுட்டர் இரண்டையும் உள்ளே வையுங்கள்.

அவர்கள் போனவுடன் கொல்லைக் கதவு, மொட்டை மாடிக் கதவு, பாத்ரூம் ஜன்னல் எல்லாவற்றின் தாழ்ப்பாளையும் கையால் இழுத்துப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். 'மாடியைப் பார்க்கலாமா' என்று போகிறவர் தாழ்ப்பாளை நீக்கி, கதவை மட்டும் சாத்திவிட்டு வந்தால் பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும்.

கேள்வி (கோவை): ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன், QR கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், UPI பின் போடவும் வேண்டாம். பின் கேட்கிறது என்றாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று பொருள். ராணுவ அடையாள அட்டையின் படம் அனுப்புவதும், 'முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள்' என்பதும் இந்த மோசடியின் வழக்கமான படிகள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

உண்மையான வாங்குநரிடமும் ஒன்றைக் கவனியுங்கள். அட்வான்ஸ் அவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே வரட்டும். முன்பின் தெரியாத மூன்றாம் நபர் கணக்கிலிருந்து வந்த பணம் மோசடிப் பணமாக இருந்தால், உங்கள் கணக்கு முடக்கப்படலாம். 'கூடுதலா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க' என்றால் SMS-ஐ நம்பாமல் பேங்க் ஆப்பில் இருப்பைப் பாருங்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழ வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் ரொக்கமே வேண்டாம்.

கேள்வி (மதுரை): வீடு பார்க்க வந்தவர் பத்திரம், ஆதார், பான் எல்லாவற்றின் ஜெராக்ஸும் கேட்கிறார். கொடுக்கலாமா?

முதல் சந்திப்பிலேயே வேண்டாம். சர்வே எண்ணும் பத்திர எண்ணும் கொடுத்தால் போதும். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், பத்திரத்தின் சான்றிட்ட நகலை அவருடைய வக்கீல் மனுப்போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

விலை படிந்தபின் ஜெராக்ஸ் கொடுக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும், எழுத்தின் மேல் படும்படி, 'பரிசீலனைக்கு மட்டும்' என்று எழுதி, யாருக்குக் கொடுத்தது என்ற பெயரும் தேதியும் போடுங்கள். பக்க ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுக்கலாம். பத்திரத்தில் கைரேகை இருக்கும் இடத்தை வெள்ளைத் தாளால் மறைத்து நகலெடுங்கள். பத்திரங்களிலிருந்த ரேகையை நகல் செய்து ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன.

ஆதாருக்கு, முதல் 8 இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரை, ஆதாரை வழங்கும் UIDAI-யின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். அங்கேயே பயோமெட்ரிக்கைப் பூட்டியும் வைக்கலாம். பதிவு நாளுக்கு முன் மறக்காமல் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரேகைச் சரிபார்ப்பு தோற்கும். பான் எண் அக்ரிமென்ட்டின்போதுதான் தேவைப்படும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை TDS-ஆக, அதாவது உங்கள் கணக்கில் முன்கூட்டிய வருமான வரியாக, பிடித்துக் கட்ட அது வேண்டும்.

ஒரிஜினல் பத்திரத்தை வக்கீல் அலுவலகத்தில், நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் காட்டுங்கள். ஓர் இரவுக்குக்கூட விட்டுவிட்டு வர வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். புரோக்கர் ஒரு சாவியும் 'சும்மா ஒரு பவரும்' கேட்கிறார்.

சாவி கொடுக்கலாம், பவர் கூடாது. வீட்டைக் காட்ட பவர் பத்திரம் எதற்கு? விற்கும் அதிகாரத்தோடு பவர் பதிவானால் உங்களைக் கேட்காமலே அவர் கிரையம் செய்து கொடுக்க முடியும். 'வீட்டைக் காட்ட மட்டும், இந்தத் தேதி வரை' என்று ஒரு கடிதம் போதும். சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். யார், எப்போது பார்த்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். வேறு புரோக்கருக்கு மாற்றினால் பூட்டையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (வேலூர்): ஹாலில் கேமரா இருக்கிறது. ஓடவிடலாமா?

ஓடட்டும். வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் தங்களுக்குள் விலை பேசுவதை ஒலிப்பதிவு செய்து கேட்பது முறையல்ல, ஆடியோவை அணைத்துவிடுங்கள். பாத்ரூம், படுக்கையறையில் கேமரா கூடவே கூடாது.

கேள்வி (சேலம்): பதிவு முடிந்துவிட்டது. இனி ஏதாவது செய்ய வேண்டுமா?

கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் DVR பெட்டியில் உள்ள பழைய பதிவுகளை அழித்து, பாஸ்வேர்டை ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் போனிலிருந்து அந்தக் கேமராவையும் நீக்குங்கள், இனி அது அவர்கள் வீடு. EB இணைப்பும் சொத்து வரியும் பெயர் மாறும்வரை பின்தொடருங்கள். வங்கி, கேஸ், டெலிவரி ஆப்களில் முகவரியை மாற்றுங்கள். விளம்பரத்தில் 'விற்றாகிவிட்டது' என்று குறித்தால் படங்கள் அங்கேயே கிடக்கும். விளம்பரத்தையே நீக்கி, புரோக்கர் குரூப்களில் போட்ட படங்களையும் எடுக்கச் சொல்லுங்கள்.