ரத்தக்கறையைப் பாலிதீனில் கட்டலாமா? தடய அறிவியல் கேள்வி பதில்

பயிற்சி எஸ்.ஐ.: சார், ரத்தம் தோய்ந்த சட்டையை உடனே பிளாஸ்டிக் கவரில் போட்டு சீல் வைத்தால் பத்திரம்தானே?

கூடவே கூடாது. ஈரத்தோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும், டிஎன்ஏ சிதைந்துவிடும். ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் சிதைந்ததை மீட்க முடியாது.

சட்டையை நிழலில், தானாகக் காய விடுங்கள். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் வேண்டாம். கீழே சுத்தமான வெள்ளைத் தாளை விரியுங்கள். உதிரும் முடியும் மண்ணும் அதில் விழும், அந்தத் தாளையும் மடித்து அனுப்ப வேண்டும். மடிக்கும்போது கறை இன்னொரு பக்கத்தில் ஒட்டாதபடி இடையில் தாள் வையுங்கள். பிறகு ஒரு பொருளுக்கு ஒரு காகித உறை.

இறந்தவரின் உடையையும் சந்தேக நபரின் உடையையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். தொட்டுக்கொள்ளும் இரண்டு பொருள்கள் தடயத்தைப் பரிமாறிக்கொள்ளும் என்பதுதான் லொக்கார்ட் கோட்பாடு. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் அதே விதி, நம் மேசையிலும் வேலை செய்யும்.

தரையில் காய்ந்த கறையா? பஞ்சுக்குச்சியில் ஓரிரு சொட்டு காய்ச்சி வடித்த நீர் விட்டுத் துடையுங்கள்; அதே இடத்தை உலர்ந்த குச்சியால் மறுபடி துடையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் கறையில்லாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவி: லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்து நீலமாக ஒளிர்ந்தால் ரத்தம் உறுதியா?

இல்லை, அது ஊகச் சோதனைதான்; ரத்தமாக இருக்கலாம் என்று மட்டுமே சொல்லும். பிளீச்சிங் பவுடர், செம்பு, முள்ளங்கி போன்ற காய்களின் நொதி எல்லாம் ஒளிரவைக்கும். மனித ரத்தமா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. கண்ணுக்கே தெரியும் கறைமேல் லூமினால் அடிக்காதீர்கள், கறை நீர்த்துப்போகும்.

அதே மாணவி: நனைந்த கடிதத்தில் கைரேகை கிடைக்குமா ஐயா?

காகிதத்துக்கு வழக்கமாக நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள். வியர்வையின் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதாவாகும். நனைந்தால் அந்த அமிலம் கரைந்துவிடும். ஆனால் கொழுப்பு தங்கும். அதில் வெள்ளியைப் படியவைத்து ரேகையை எடுக்கும் முறை இருக்கிறது. எனவே நனைந்ததென்று தூக்கிப் போடாதீர்கள். பாலிதீன், கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ ஆவி.

பிணவறை உதவியாளர்: விஷச் சாவில் உள்ளுறுப்புகளை ஃபார்மலினில் போடலாமா சார்?

வேண்டாம். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் திசுவை இறுக்கிவிடும், விஷத்தைப் பிரித்தெடுப்பது கடினமாகிவிடும். நுண்ணோக்கியில் நோயைப் பார்க்க எடுக்கும் திசுத் துண்டுகளுக்கு மட்டுமே அது.

பொதுவாக நிறைசெறிவு உப்புக் கரைசல், அதாவது இனி உப்பு கரையாது என்ற அளவுக்குக் கரைத்தது. அமிலம் குடித்த சந்தேகமிருந்தால் ரெக்டிஃபைடு ஸ்பிரிட், அதாவது செறிவான ஆல்கஹால். மது சந்தேகமிருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது.

இரைப்பையும் அதிலுள்ளதும், சிறுகுடலின் மேல் 30 செ.மீ.யும் ஒரு பாட்டிலில்; கல்லீரல் 500 கிராம் வரை, இரு சிறுநீரகத்திலும் பாதிப்பாதி இன்னொன்றில். வாயு சேரும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். ரத்தம் 10 மி.லி., ஒரு மி.லி.க்கு 10 மி.கி. சோடியம் ஃப்ளோரைடு. அது இல்லாவிட்டால் நுண்ணுயிரிகளே ஆல்கஹாலை உண்டாக்கிவிடும், குடிக்காதவரைக் குடித்தவராகக் காட்டும்.

போட்ட உப்புக் கரைசலிலும் ஒரு மாதிரி தனியாக அனுப்புங்கள், விஷம் கரைசலிலிருந்து வரவில்லை என்று காட்ட.

பயிற்சி எஸ்.ஐ.: நிபுணர் எல்லா வழக்குக்கும் வர வேண்டுமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 176(3)இன்படி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களில் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், சேகரிப்பை வீடியோவும் எடுக்க வேண்டும். மாநிலங்கள் இதைச் செயல்படுத்த 5 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அவர் வரும்வரை இடத்தைக் கயிறு கட்டி, உள்ளே போனவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.