கட்டன்சாயாவில் ஒரு சி.டி. ஸ்கேன்

குலசேகரத்தில் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கும் ஆசிரியை கேட்கிறார்: "உடம்பை அறுக்காமல் உள்ளே இருப்பதை சி.டி. ஸ்கேன் எப்படிக் காட்டுகிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எக்ஸ்ரே இல்லாமல் வகுப்பில் செய்து காட்ட வழி உண்டா?"

தாராளமாக உண்டு டீச்சர். எக்ஸ்ரேக்குப் பதில் டார்ச், உடம்புக்குப் பதில் கட்டன்சாயா. பால் கலந்தால் ஒளி சிதறிவிடும், கட்டன்தான் வேண்டும்.

ஒரே அளவுள்ள நான்கு உருண்டைக் கண்ணாடிப் பாட்டில்களை இரண்டுக்கு இரண்டாக ஒரு தட்டில் ஒட்டி, தண்ணீர் நிரப்பிய மீன்தொட்டிக்குள் வையுங்கள். வெறும் காற்றில் வைத்தால் பாட்டில் லென்ஸ் மாதிரி ஒளியை வளைத்துவிடும். தொட்டிக்கு ஒரு பக்கம் டார்ச், மறுபக்கம் வெளிச்சத்தை அளக்கும் ஆப் உள்ள போன். இரண்டும் அசையக் கூடாது. தட்டைத்தான் நகர்த்தவும் திருப்பவும் வேண்டும்.

முதலில் எல்லாப் பாட்டிலிலும் வெறும் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு வரிசை வழியாகவும் நிரல் வழியாகவும் ஒளியை விட்டு, போனில் வரும் வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு மாணவி மட்டும் முன்வரிசையில் 1, 2 கரண்டியும் பின்வரிசையில் 3, 2 கரண்டியும் சாயா ஊற்றி, மீதிக்குத் தண்ணீர் நிரப்பட்டும். கரண்டிக் கணக்கு மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது, போன் காட்டும் வெளிச்ச அளவு மட்டும்தான் போகவேண்டும். தண்ணீரில் வந்த வெளிச்ச அளவை சாயாவில் வந்த வெளிச்ச அளவால் வகுத்து மடக்கை எடுங்கள். ஒரு கரண்டிக்கு வரும் மடக்கையை 1 என்று வைத்தால், வரிசைகள் 3, 5 என்றும், நிரல்கள் 4, 4 என்றும் கிடைக்கும்.

இங்கேதான் பாடமே இருக்கிறது. முன்னால் 0, 3, பின்னால் 4, 1 என்று ஊற்றியிருந்தாலும் இதே நான்கு விடைதான் வரும். பிள்ளைகள் முட்டி நிற்கட்டும், உடனே சொல்லிவிடாதீர்கள். பிறகு தட்டைச் சாய்வாகத் திருப்பி, முன்இடது, பின்வலது பாட்டில்கள் வழியே ஒளியை விடுங்கள். 3 வந்தால் முதல் அமைப்பு. 1 வந்தால் அடுத்தது. கோணம் கூடக் கூடத்தான் படம் துலங்குகிறது.

இந்தக் கணக்கை 1917-இலேயே கணித அறிஞர் ராடான் நிறுவிவிட்டார். சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் ஆய்வகக் கருவி ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தார்கள். 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் இயற்பியலாளர் கோர்மாக்குக்கும் நோபல் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை: லேசர் பாயின்டர் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. டார்ச்சின் வெள்ளை ஒளியில் பல நிறம் இருப்பதால், சாயா அடர்த்தியானால் மடக்கை கொஞ்சம் குறைவாக வரும். எக்ஸ்ரேயிலும் இதே சிக்கல் உண்டு. டார்ச் முன்னால் பச்சைக் கண்ணாடித்தாள் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகும்.