நீனா சிமோனும் டிரையான் ஊரும்

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த ஜாஸ் பாடகி யார்? அவருடைய பாட்டில் சொந்த ஊர் தெரிகிறதா?

எனக்கு நீனா சிமோன்தான். ஊர் அவரிடம் நன்றாகவே தெரிகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டிரையான் என்ற சிற்றூரில், 1933-இல் யூனிஸ் வேமன் என்ற பெயரில் பிறந்தார். தாய் மெதடிஸ்ட் போதகர். வெள்ளையர் வீட்டில் வேலையும் பார்த்தார். சிறுமி வாசிப்பதைக் கேட்ட அந்த வீட்டு அம்மாள், பியானோ வகுப்புக்குப் பணம் கட்டினார். மியூரியல் மசனோவிச் என்ற ஆங்கிலேய ஆசிரியையிடம் யூனிஸ் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் பயின்றார். மேற்படிப்புக்காக அந்த ஆசிரியை ஊராரிடம் நிதி திரட்டினார். கறுப்பரும் வெள்ளையரும் கொடுத்தார்கள்.

அதே ஊரில்தான் அதுவும் நடந்தது. பதினோரு, பன்னிரண்டு வயதில் ஒரு கச்சேரி. முன்வரிசையில் இருந்த பெற்றோரை எழுப்பி, வெள்ளையருக்காகப் பின்னால் அனுப்பினார்கள். அவர்களை மறுபடி முன்னால் உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டாள் சிறுமி. உட்கார வைத்தார்கள். 1960-களில் கறுப்பர் உரிமைக்காக அவர் மேடையேறிப் பாடியதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிடிவாதம்தான் கேட்கிறது.

1951-இல் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைப்பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். 1954-இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கப் போனபோது, பாடவும் வேண்டும் என்றார் முதலாளி. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று வைத்துக்கொண்ட பெயர்தான் நீனா சிமோன். கர்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் அறிவித்தது 2003-இல். சில நாட்களில் பிரான்சில் காலமானார். எனக்கு அந்தத் தாமதம் இன்னும் ஆறவில்லை.

ஊர் 2010-இல் அவருக்குச் சிலை வைத்தது. அதன் மார்புக்குள் இருக்கும் வெண்கல இதயத்தில் அவருடைய அஸ்தியில் கொஞ்சம் இருக்கிறது. அவர் பிறந்த மூன்று அறை வீடு இடிந்துபோகும் நிலையில் இருந்தபோது, 2017-இல் கறுப்பின ஓவியர்கள் நால்வர் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் அவருடைய முதல் தொகுப்பில் உள்ள 'லவ் மீ ஆர் லீவ் மீ' பாட்டிலிருந்து தொடங்குங்கள். நடுவில் குரல் ஒதுங்கி, பியானோ தனியாக வரும். வலக்கை ஒரு மெட்டைப் பிடிக்க, இடக்கை வேறொன்றோடு அதைத் துரத்தும். அசல் பாக். ஆசிரியை வீட்டில் படித்த பாடம் அப்படியே ஜாஸ் தாளத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.