கண்ணாடியை உடைத்தது யார்?

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். மகளுக்கு 11 வயது, அடுத்தவனுக்கு 9, கடைக்குட்டிக்கு 6. கண்விழித்தது முதல் கண்ணயரும் வரை வீட்டில் சண்டை ஓய்வதில்லை. ஒருவர் பென்சிலை மற்றவர் ஒளித்துவைப்பது, ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்வது, பெயரைத் திரித்துக் கூப்பிட்டு அழவைப்பது என்று நாளொன்றுக்கு இருபது பஞ்சாயத்து என்னிடம் வருகிறது. சென்ற வாரம் அலமாரிக் கண்ணாடி உடைந்தது. யார் செய்தது என்று கேட்டால் மூவரும் ஒரே குரலில் ‘தெரியாது’ என்கிறார்கள். ஒருவரைத் திட்டினால் மற்ற இருவரும் எனக்கு எதிராகக் கட்சி சேர்ந்துவிடுகிறார்கள். நடுவில் உள்ளவன் ஒருமுறை சின்னவனைக் குளியலறைக்குள் தள்ளி, விளக்கை அணைத்துத் தாழிட்டுவிட்டான். என் கணவரோ, ‘பெரியவள்தானே, விட்டுக்கொடுத்துப் போகட்டும்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். இந்தக் கூட்டுக்களவாணிகளை என்ன செய்வது? ஒருவரையாவது விடுதியில் சேர்த்துவிடலாமா? என் வளர்ப்பில்தான் கோளாறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு புகார்கள் இருக்கின்றன. பிள்ளைகள் ஓயாமல் அடித்துக்கொள்கிறார்கள் என்பது முதலாவது. நீங்கள் ஒருவரைத் திட்டினால் மூவரும் ஒன்றாகிவிடுகிறார்கள் என்பது இரண்டாவது. முதலாவது உண்மையிலேயே நீங்கள் நினைக்கும் அளவுக்கு மோசமாக இருந்திருந்தால், இரண்டாவதற்கு வாய்ப்பே இருந்திருக்காது. ஒருவரையொருவர் வெறுக்கும் பிள்ளைகள், காட்டிக்கொடுக்கக் கிடைத்த வாய்ப்பை, அதுவும் அலமாரிக் கண்ணாடி போன்ற பெரிய வாய்ப்பை, ஒரு வாரம் கைவிட்டுவிட்டு இருக்கமாட்டார்கள். ‘கூட்டுக்களவாணிகள்’ என்று நீங்கள் வசவாக எழுதிய சொல்லை நான் நற்சான்றிதழாகவே படித்தேன்.

குறும்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரைச் சீண்டுவதற்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எதை ஒளித்துவைத்தால் அக்காள் துடிப்பாள், எந்தப் பெயரைச் சொன்னால் தம்பி அழுவான், எந்த நேரத்தில் சொன்னால் அம்மாவின் காதில் விழாது என்பதெல்லாம் மனிதமனத்தைப் பற்றிய நுட்பமான அறிவு. ஜூடி டன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இங்கிலாந்தில் சிறுபிள்ளைகளின் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, அவர்களுடைய அன்றாடச் சண்டைகளையும் சிரிப்புகளையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தவர். இரண்டு வயது நிறைவதற்குள்ளாகவே குழந்தைகள், உடன்பிறந்தவர் எந்தப் பொருளை அணைத்துக்கொண்டு ஆறுதல் தேடுவாரோ அதையே குறிவைத்து எடுத்துக்கொண்டு ஓடுவதை அவர் கண்டார். ஒழுங்காகப் பேச வராத வயதிலேயே பிறர் மனம் எங்கே நோகும் என்று கணக்கிடத் தெரிந்திருக்கிறது. நோகவைக்கும் இடம் தெரிந்த பிள்ளைக்கே ஆற்றும் இடமும் தெரியும் என்பதால், இந்த அறிவைக் கண்டு நீங்கள் அஞ்சவேண்டியதில்லை.

1994-இல் ஜோசப் பெர்னரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வொன்றும் இங்கே பொருந்தும். ஒரு பெட்டியின் மேல் ஒரு பொருளின் படம் இருக்கும். உள்ளே வேறொரு பொருள் இருக்கும். உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்ட குழந்தையிடம், இதைப் பார்க்காத இன்னொருவர் பெட்டிக்குள் என்ன இருப்பதாக நினைப்பார் என்று கேட்பது போன்ற சோதனைகள் இவை. மூன்று, நான்கு வயதில், உடன்பிறந்தவர்கள் உள்ள குழந்தைகள் இத்தகைய கேள்விகளுக்குச் சரியாக விடைசொல்வது கூடுதலாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அனைத்தும் இதை அதே அழுத்தத்துடன் உறுதிசெய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனாலும் பெட்டியில் இருப்பது ஒன்று, வெளியே நம்பவைப்பது வேறொன்று என்ற பாடத்தில் உங்கள் மூவரும் தேர்ந்துவிட்டார்கள் என்பதற்கு அந்த அலமாரிக் கண்ணாடியே சாட்சி.

இனி உங்கள் இருபது பஞ்சாயத்துகளுக்கு வருகிறேன். நாளொன்றுக்கு இருபது வழக்குகள் வருகின்றன என்றால், அந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு கிடைக்கிறது என்று பொருள். தீர்ப்பே கிடைக்காத இடத்துக்கு யாரும் வழக்குக் கொண்டுபோவதில்லை. உங்கள் பிள்ளைகள் பென்சிலுக்காக உங்களிடம் வரவில்லை, அம்மா. ‘அம்மா என் பக்கம்’ என்ற தீர்ப்புக்காக வருகிறார்கள். நீங்கள் ஒருவருக்குச் சாதகமாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மற்றவர் தோற்கிறார். தோற்றவர் மேல்முறையீட்டுக்கு வேறு வழியின்றி, அடுத்த அரைமணி நேரத்தில் வென்றவரின் காலை இடறிவிடுகிறார். உங்கள் இருபதில் பத்தாவது இப்படிப் பிறந்தவையாகத்தான் இருக்கும்.

நீதிபதி நாற்காலியிலிருந்து இறங்குங்கள் என்றால், அறையைவிட்டுப் போய்விடுங்கள் என்று பொருளல்ல. கனடாவில் ஹில்டி ராஸும் ஜூலி ஸ்மித்தும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர்களில் ஒரு பகுதியினருக்கு, தீர்ப்புச் சொல்லாமல் நடுவில் நின்று பேசவைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். முறை எளியதுதான். முதலில், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, திட்டக்கூடாது என்று விதி சொல்லவேண்டும். பிறகு இருவரையும் தத்தம் கதையைச் சொல்லவிட்டு, சண்டை எதைப் பற்றியது என்பதை மட்டும் பெற்றோர் எடுத்துச் சொல்லவேண்டும். ஒருவருக்கு ஏன் வலித்தது என்பது மற்றவருக்குப் புரிந்ததா என்று கேட்கவேண்டும். கடைசியாக, இதற்கு என்ன வழி என்பதை அவர்களே சொல்லும்வரை, பெற்றோர் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். இந்தக் கடைசிப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம் என்பது என் கருத்து. தயாராக ஒரு தீர்ப்பு நாக்கு நுனியில் நிற்கும்போது அதை விழுங்குவது எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் எளிதல்ல. அப்படி நடந்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகள், மற்றவர் பக்கத்தைப் புரிந்துகொள்வதிலும் ஒத்துப்போவதிலும் முன்னேறினார்கள் என்பதே அந்த ஆய்வின் முடிவு. ஜன்னலோர இடத்துக்கு உங்கள் பிள்ளைகள் கண்டுபிடிக்கப்போகும் வழி உங்களுக்கு அபத்தமாகப் படலாம். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர், மூன்றாமவருக்கு அடுத்த பயணத்தில் இரண்டு முறை என்று ஏதாவது ஒரு விசித்திரக் கணக்குப் போடுவார்கள். அது அவர்கள் போட்ட கணக்கு. அதை மீற அவர்களுக்கே மனம் வராது.

உங்கள் கணவரின் வாக்கியத்தைப் பற்றி எழுதும்போது என்னால் பொறுமையாக இருக்க முடியவில்லை. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். உங்கள் மகளுக்கு 11 வயது, அடுத்தவனுக்கு 9. அப்படியானால் அவள் தன் இரண்டாவது வயதில் ‘பெரியவள்’ ஆக்கப்பட்டாள். கடைக்குட்டிக்கு இப்போது ஆறு. அவன் இன்னும் ‘சின்னவன்’. அவளுக்கு ஆறு வயது நடந்தபோது இரண்டு தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே ஆறு வயதில் அவன் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். இதில் பெருந்தன்மை எங்கே இருக்கிறது? விட்டுக்கொடுத்தல் ஒருவருக்கு மட்டும் நிரந்தரக் கடமையானால், அது அவளுக்குத் தண்டனையாகவும் மற்றவர்களுக்கு உரிமையாகவும் மாறிவிடுகிறது. நம் மொழியிலேயே இந்த வில்லங்கம் இருக்கிறது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று அன்றாடப் பேச்சில் எந்த உறவுச்சொல்லை எடுத்தாலும் யார் முதலில் பிறந்தவர் என்பதைச் சொல்லாமல் வாய்திறக்க வழியில்லை. சொல்லில் இருப்பது போதும். அதைப் பங்கீட்டிலும் கொண்டுவர வேண்டாம்.

மூத்த பிள்ளை இயல்பிலேயே பொறுப்பானது, இடைப்பிள்ளை முரண்டு பிடிப்பது, கடைசிப் பிள்ளை செல்லம் என்ற நம்பிக்கைக்கு, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் ஆட்லர் என்ற உளவியலாளர் பெரிய மேடை அமைத்துக்கொடுத்தார். 2015-இல், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு, பொறுப்புணர்வு, சிடுசிடுப்பு, பழகும் தன்மை போன்ற குணங்களில் பிறந்த வரிசையால் நீடித்த வேறுபாடு எதையும் காணவில்லை. எனவே உங்கள் மகளின் பொறுப்பு அவள் பிறப்போடு வந்ததன்று. அதை அவள் தலையில் ஏற்றியவர்கள் நீங்கள் இருவரும்தான். இதற்காக மூவரையும் தராசில் நிறுத்தி எல்லாவற்றையும் சமமாகப் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள். பெற்றோர் வேறுபாடாக நடத்தினாலும், அதற்கு நியாயமான காரணம் இருப்பதாகப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால் அது உறவைக் கெடுப்பதில்லை. தூங்கும் நேரத்தில் 11-க்கும் 6-க்கும் வேறுபாடு இருக்கலாம். அழுதவர் யாரானாலும் அவர் கதையைக் கேட்பதில் வேறுபாடு இருக்கக்கூடாது.

இப்போது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்திக்கு வருகிறேன். கண்ணாடியைப் பற்றி நீங்கள் எழுதிய அசல் கடிதத்தில் ஒரு பக்கம் இருந்தது. இடம் கருதி அதைச் சுருக்கினோம். குளியலறை விவகாரத்தைச் சுருக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை, ஏனென்றால் நீங்களே அதை ஒரு வரியில் முடித்திருந்தீர்கள். ஒன்பது வயதுப் பையன் ஆறு வயதுப் பிள்ளையை இருட்டில் தாழிடுவது குறும்பன்று. விளையாட்டுச் சண்டையில் இருவரும் சிரிப்பார்கள். துரத்துபவரும் ஓடுபவரும் மாறிமாறி வருவார்கள். வலியவர் தம் பலத்தை அடக்கிக்கொள்வார். முடிந்தபிறகும் இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். ஒருவரே எப்போதும் அகப்படுகிறார், ஒருவர் மட்டும் சிரிக்கிறார், முடிந்ததும் ஒருவர் விலகி ஓடுகிறார் என்றால் அதற்குப் பெயர் கொடுமைப்படுத்துதல். உடன்பிறந்தவர் செய்தது என்பதால் அதன் காயம் குறைவதில்லை. அமெரிக்கப் பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளிவந்த ஆய்வு, உடன்பிறந்தவர்களால் தாக்கப்படும் பிள்ளைகளின் மனவேதனை, வெளிப்பிள்ளைகளால் தாக்கப்படுபவர்களின் வேதனையோடு ஒப்பிடத்தக்கதாகவே இருப்பதைக் காட்டியது. இந்த ஓர் இடத்தில் மட்டும் நடுவராக இருக்காதீர்கள். சமரசம் பேசவைப்பது சமபலம் உள்ளவர்களுக்கு இடையில்தான். இங்கே உடனே நிறுத்தவேண்டும். இது இந்த வீட்டில் நடக்காது என்று சொல்லவேண்டும். தாழ்ப்பாளைச் சின்னவன் உள்ளிருந்தும் திறக்கும்படி மாற்றவேண்டும். பிறகு, கோபம் அடங்கியதும், நடுப்பிள்ளையைத் தனியே அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். மகளைப் பற்றியும் கடைக்குட்டியைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஏதாவது தெரிகிறது. அவனைப் பற்றி, தாழிட்டவன் என்பதைத் தவிர, ஒன்றுமே தெரியவில்லை. வீட்டிலும் அவன் அப்படித்தான் உணர்கிறானோ என்னவோ.

விடுதி வேண்டாம். யாரை அனுப்பினாலும், தோற்றவர் இவர்தான் என்று வீடே அறிவித்ததாக ஆகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 20 வயதுக்கு முன் உடன்பிறந்தவர்களோடு உறவு சீர்கெட்டிருந்தவர்கள், 50 வயதுக்குள் கடும் மனச்சோர்வுக்கு ஆளாவது கூடுதலாக இருந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால், கையில் இருக்கும் நல்ல உறவைத் தெரிந்தே அறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. உங்கள் வளர்ப்பில் கோளாறா என்ற கேள்விக்கும் இதற்குள் விடை கிடைத்திருக்கும்.

மிச்சம் இருப்பது கண்ணாடி. ‘யார்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘இதை எப்படிச் சரிசெய்யப்போகிறீர்கள்?’ என்று மூவரையும் சேர்த்துக் கேளுங்கள். தங்களால் இயன்ற பங்கை மூவரும் தரட்டும். சில்லுகளை மட்டும் நீங்களே பெருக்கி எடுங்கள். உண்மை வராதே என்று வருந்தவேண்டாம். அது அவர்களுக்குள் பத்திரமாக இருக்கும். நாங்கள் நான்கு பேர். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் தானாக விழுந்து உடைந்ததாக நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். உண்மையை இங்கே எழுதிவிடலாம்தான். ஆனால் இந்த இதழின் முதல் பிரதி ஒவ்வொரு மாதமும் என் தாயார் கைக்குத்தான் போகிறது.