அம்மாவின் கண்ணாடியை அத்தை கேட்கிறார்

வணக்கம். எனக்குப் பிறந்த ஊர் மண்டபம் பக்கம். கல்யாணமாகிப் பரமக்குடியில் இருக்கிறேன். அம்மா கடல்பாசி எடுத்துத்தான் எங்களை வளர்த்தார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் படகில் போய், மூச்சைப் பிடித்து முங்கி எடுக்கிற வேலை.

அவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அறையை இடித்துக் கட்டணும், சாமான்களை ஒதுக்கு என்கிறார் அண்ணன். சேலைகளைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் முங்கும்போது போட்ட கண்ணாடி, காலில் கட்டிய தகரத் தட்டு, சேலைக்கு மேல் மாட்டிய அப்பாவின் பழைய சட்டை, இவற்றைத் தொட்டாலே அழுகை முட்டுகிறது. அம்மாவோடு பாசிக்குப் போன பக்கத்து வீட்டு அத்தை அந்தக் கண்ணாடியைக் கேட்டார். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. இறந்தவர் புழங்கியதை வீட்டில் வைக்காதே என்கிறார் மதினி. எனக்கு ஏதும் மனநோயா?

- ஒரு மகள்

அன்புள்ள தங்கைக்கு,

நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் கடந்தும் துயரம் தணியாமல் அன்றாட வாழ்க்கை முடங்கினால்தான் அதைக் கோளாறாகக் கணக்கில் எடுக்கிறார்கள். நீங்கள் சேலைகளைக் கொடுத்தே விட்டீர்கள்.

சேலை கட்டிய அம்மாவைத் தினமும் பார்த்தீர்கள். கண்ணாடி போட்ட அம்மாவைக் கடலுக்குள் பார்த்தவர் அந்த அத்தைதான். அவரிடம் யாராவது துக்கம் விசாரித்திருப்பார்களா? சந்தேகம்தான். நீங்கள் கொடுக்க மறுக்கும் அதே காரணத்துக்காக அவர் கேட்டிருக்கலாம். (சும்மா, தன் கண்ணாடி உடைந்துபோய்க்கூடக் கேட்டிருக்கலாம், அதிலும் தப்பில்லை.) கொடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. போய் உட்கார்ந்து, கடலில் அம்மா எப்படி இருப்பார் என்று கேளுங்கள். கண்ணாடி யாருக்கு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணனின் கட்டட வேலையைத் தடுக்க வேண்டாம், மதினியின் நம்பிக்கையோடு வாதாடவும் வேண்டாம். மூன்று பொருளையும் ஒரு பெட்டியில் போட்டுப் பரமக்குடிக்கு எடுத்துப் போங்கள். எப்போது திறப்பது என்பது உங்கள் இஷ்டம்.

காகிதங்களில் மட்டும் தாமதம் கூடாது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் பணம் கட்டியிருந்தால் அந்த ரசீது, நலவாரிய அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அறையை இடிக்கும் முன்பே தேடி எடுத்துவிடுங்கள். பெட்டியடி, அரிசிப் பானை எதையும் விடாதீர்கள். இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கும் அண்ணனோடு சேர்ந்தே விண்ணப்பியுங்கள்.

தூக்கமோ சாப்பாடோ அடியோடு கெட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.